சைக்கிள் கேள்வி–பதில்: டயரின் பக்கவாட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

அக்கா, என்னிடம் கம்பி பிரேக் வைத்த பழைய 28 இஞ்ச் சைக்கிள் ஒன்று இருக்கிறது. மகனுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கினோம். எங்கள் தெருமுனையில் இருந்த சைக்கிள் கடையை மூடிவிட்டார்கள். இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் தேடினால், பெட்டி நிறைய சாமான் அடங்கிய டூல் கிட் வருகிறது. வாங்கிவிடலாமா?
— அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர், மன்னார்குடி

வேண்டாம் சார். அந்தப் பெட்டியில் இருப்பதில் பாதி உங்கள் பழைய வண்டியைத் தொடக்கூட உதவாது. பழைய வண்டிக்கு அவசியம் வேண்டிய ஒன்றிரண்டு சாமான்கள் அந்தப் பெட்டியில் இருக்காது. மலிவான கிட் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்பேனரின் இரும்பு மட்டமாக இருந்தால் இறுக்கிப் பிடிக்கும்போது வாய் விரிந்துவிடும், நட்டின் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டைக் கழற்ற அதன்பின் உளி தேடவேண்டி வரும்.

முதலில் ஒரு சாயங்காலம் இரண்டு வண்டிகளையும் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். தெரிந்தவரிடம் ஒரு செட் ஸ்பேனர் இரவல் வாங்கி, எந்த நட்டுக்கு எது பொருந்துகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சக்கர அச்சு நட்டு, சீட்டு நட்டு, மட்கார்டு, கேரியர், பிரேக் கம்பி என்று எல்லாவற்றையும் பாருங்கள். அந்தத் தாளோடு ஹார்டுவேர் கடைக்குப் போனால் தேவையானதை மட்டும் வாங்கலாம். நம் ஊரில் இரட்டை வாய் ஸ்பேனர் 8×9, 10×11, 12×13, 14×15 என்று ஜோடி ஜோடியாக வரும். இந்த நான்கில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். பின் சக்கர அச்சு நட்டு நிறைய வண்டிகளில் 15 எம்.எம். அதற்கு மட்டும் ரிங் ஸ்பேனராக வாங்குங்கள். திறந்த வாய் ஸ்பேனர் அங்கே வழுக்கும். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை அவசரத்துக்கு மட்டும் எடுங்கள். அதையே எல்லாவற்றுக்கும் பழக்கப்படுத்தினால் வண்டியில் ஒரு நட்டும் உருப்படியாக மிஞ்சாது.

அடுத்தது கோன் ஸ்பேனர். இதைத்தான் பலர் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். சக்கரத்தின் அச்சில், பால்ரஸ் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டான கோன் ஒன்றும், அதை நகரவிடாமல் பிடிக்கும் லாக் நட்டு ஒன்றும் ஒட்டி ஒட்டி இருக்கும். கோனில் ஸ்பேனர் பிடிக்கும் இடம் மிக ஒடுக்கம். சாதாரண ஸ்பேனர் தடிமனாக இருப்பதால் அதற்குள் நுழையாது. கோன் ஸ்பேனரைத் தகடு மாதிரி மெல்லிதாகவே செய்திருப்பார்கள். 13×14, 15×16 இரண்டும் இருந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் பார்க்கலாம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ‘லொட லொட’ என்றால் கோன் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டால் கரகரவென்று சீக்கிரமே நின்றுவிடுகிறது என்றால் இறுகியிருக்கிறது, அல்லது உள்ளே பால்ரஸ் குண்டு தேய்ந்திருக்கிறது. குண்டு மாற்றும்போது முன் சக்கரத்துக்கு 3/16 இஞ்ச், பின் சக்கரத்துக்கு 1/4 இஞ்ச். பழையது பாதி, புதியது பாதி என்று கலந்து போடாதீர்கள். தேயாத புதுக் குண்டின் மீதே மொத்த பாரமும் விழும்.

மகனின் கியர் வண்டிக்கு 4, 5, 6 எம்.எம். ஆலன் கீ, அதாவது அறுகோணக் குழி உள்ள போல்ட்டைத் திருகும் வளைந்த சாவி, வேண்டும். இதை மட்டும் நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். மட்டமான ஆலன் கீ, போல்ட்டின் குழியை உருட்டிவிடும். உங்கள் பழைய வண்டியில் ஆலன் போல்ட்டே இருக்காது.

பின் சக்கரத்துப் பற்சக்கரமான பிரீவீலைக் கழற்றுவது, பெடல் அச்சின் வலதுபக்கக் கப் கழற்றுவது, பலமாகக் கோணிய ரிம்முக்குக் கோட்டம் எடுப்பது, இந்த மூன்றையும் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறைகூட வராத வேலைக்காகத் தனி டூல் வாங்கி அலமாரியில் வைப்பது வீண். மன்னார்குடியில் இல்லாவிட்டாலும் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இன்னும் ஓவராயில் பண்ணும் பழைய கடைகள் இருக்கின்றன. நம் கையில் வேலை தெரிந்தாலும் அந்தக் கடைகளை விட்டுவிடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள். பின் டயர் நூல் தெரியுமளவு தேய்ந்துவிட்டது. ‘26 இஞ்ச்’ என்று சொல்லிப் புது டயர் வாங்கி வந்தேன். எவ்வளவு முயன்றும் ரிம்மில் உட்காரவில்லை, தொளதொளவென்று நிற்கிறது. டயரில் கோளாறா?
— பள்ளி ஆசிரியை, அறந்தாங்கி

டயரில் கோளாறு இல்லை அம்மா, ‘26 இஞ்ச்’ என்ற பேச்சில்தான் குழப்பம். 26 என்று சொல்லப்படும் டயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட அளவில் வருகின்றன, ஒன்றின் ரிம்மில் மற்றொன்று உட்காராது.

பழைய டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். 37-590 என்பது போல இரண்டு எண்கள் ஒரு கோட்டோடு அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயரின் ஓரக்கம்பி ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம். இந்த இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால்தான் டயர் பொருந்தும். லேடீஸ் சைக்கிள்களில் பரவலாக வரும் 26×1⅜ என்பது 590. தடித்த டயர் போட்ட மவுண்டன் சைக்கிள்களில் வரும் 26×1.95, 26×2.10 எல்லாம் 559. இரண்டுக்கும் 31 எம்.எம். வித்தியாசம். டயரின் ஓரத்தில் இருப்பது இரும்புக் கம்பி, அது நீளவும் செய்யாது சுருங்கவும் செய்யாது. சிறிய டயர் பெரிய ரிம்மில் ஏறாது, பெரிய டயர் சிறிய ரிம்மில் நிற்காது. உங்களுடையது தொளதொளக்கிறது என்றால், 559 ரிம்முக்கு 590 டயர் வந்திருக்கும் என்பது என் ஊகம். டயரில் காற்றடித்துப் பார்க்காமல் இருந்தால் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். நாளைக்கே போங்கள்.

இதே குழப்பம் பெரிய வண்டிகளிலும் உண்டு. தாத்தா காலத்து 28×1½ டயரின் எண் 635. இப்போது கடைகளில் நிற்கும் 29 இஞ்ச் வண்டியின் எண் 622. பெயரில் 29 பெரிது, ரிம்மில் 28 பெரிது! 700சி என்று எழுதியிருப்பதும் அதே 622தான். 27.5 என்பது 584. அதனால் கடையில் போய் இஞ்ச் கணக்குச் சொல்லாதீர்கள். டயரின் எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

டியூப் ரப்பர் என்பதால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் அகலம் ஒத்துப்போக வேண்டும். ஒடுங்கிய டியூப்பைத் தடித்த டயருக்குள் போட்டால் ரப்பர் மெலிந்து சீக்கிரம் ஓட்டையாகும். வால்வையும் பாருங்கள். பழைய வண்டிகளில் வால் டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழாய் போடும் வால்வு இருக்கும். புது வண்டிகளில் மோட்டார் பைக் டயரில் இருக்கிற அதே வால்வு வருகிறது. ரிம்மின் ஓட்டை எதற்காகப் போடப்பட்டதோ அதே வால்வு உள்ள டியூப்பாக வாங்குங்கள்.

அக்கா, நான் கல்லூரிக்குச் சைக்கிளில் போகிறேன். கருவேல முள் குத்திப் பஞ்சர் ஆகாத வாரமே இல்லை. போன வாரம் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஓட்டை. நானே ஒட்டக் கற்றுக்கொள்ள என்னென்ன வாங்க வேண்டும்?
— மாணவர், பரமக்குடி

ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஓட்டை என்றால் தம்பி, முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. சீமைக்கருவேல முள் வெளியே ஒடிந்துபோய், நுனி மட்டும் ரப்பருக்குள் புதைந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நாம் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போதுதான் அது உள்ளே எட்டிப் பார்த்து டியூப்பைக் குத்தும். உங்கள் பக்கத்தில் பஞ்சர் ஒட்டும் எவரும் முதலில் செய்வது, டயருக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவுவதுதான். நீங்கள் ஒரு பழைய துணியை உள்ளே தேய்த்துச் சுற்றுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள். கட்டிங் பிளேயரால் பிடுங்க வராவிட்டால், சிறு ஆணியால் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள்.

இப்போது சாமான். டயர் கழற்ற இரண்டு லிவர், உப்புத்தாள் ஒரு துண்டு, ஒட்டுப் பேட்ச், சொல்யூஷன், ஒரு அகலமான தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்ப். லிவருக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அது கழற்றும்போதே இன்னொரு ஓட்டை போட்டுவிடும். சொல்யூஷனைச் சின்ன டியூபாக வாங்குங்கள். ஒருமுறை திறந்தால் மூடி வைத்தாலும் நாளடைவில் உள்ளே காய்ந்துபோகும். பெரிய டப்பா, நாளெல்லாம் ஒட்டுகிற கடைக்குத்தான் சரி.

பேட்ச் பிய்த்துக்கொண்டு வருவதற்கு மட்டமான பேட்ச் காரணமாக இருப்பது குறைவு, அவசரம்தான் காரணம். உப்புத்தாளால் டியூப்பின் வழவழப்புப் போய் மங்கலாகும் வரை தேய்க்க வேண்டும். தண்ணீரில் முக்கிய டியூப் என்றால் சுத்தமாகத் துடைத்துக் காயவிட வேண்டும். சொல்யூஷனைப் பேட்ச்சைவிட அகலமாக, மெல்லிதாகத் தடவுங்கள். அதன்பின் கையில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை, ஐந்து நிமிடமாவது, சும்மா இருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பேட்ச் வைத்தால் பிடிக்காது. காய்ந்தபின் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள்.

ஓட்டை எங்கே விழுந்தது என்பதையும் கவனியுங்கள். டியூப்பின் உட்பக்கம், அதாவது ரிம் பக்கம் விழுந்தால் முள் காரணமில்லை. ஸ்போக் முனை துருத்தியிருக்கும், அல்லது ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், ரிம் டியூப்பைக் கடித்திருக்கிறது. ஓட்டையே இல்லை, ஆனால் காற்று இறங்குகிறது என்றால் வால்வைப் பாருங்கள். டயரைக் கழற்றும் முன்பே வால்வின் வாயில் துளி எச்சில் வைத்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம், அது நல்ல வழக்கம். குமிழி வந்தால் வால் டியூப் மாற்றினால் போதும். அது நாலு துண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

பழைய டியூப்பை வெட்டி டயருக்குள் லைனராகப் போடுகிறார்கள். முள்ளை ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஓரமே டியூப்பை அராவும்.

செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது? வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் ஊற்றுகிறோம்.
— குடும்பத்தலைவி, பொள்ளாச்சி

தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும். மற்ற நாளில் காற்றுப்பட்டு நாளடைவில் பசையாகித் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். மோட்டார் பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயிலும் வேண்டாம். அதில் கரியும் உலோகத்தூளும் இருக்கின்றன. தேய்மானத்தைக் குறைக்கப் போடும் எண்ணெயே தேய்த்துவிடும். டபிள்யூ.டி.-40 மாதிரி ஸ்ப்ரே துருப்பிடித்த நட்டை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, செயினில் அது நிற்காது.

சைக்கிள் செயின் ஆயில் என்றே கிடைக்கிறது, அது உத்தமம். கிடைக்காவிட்டால், செயின் கவர் உள்ள வண்டிக்குப் புது எஞ்சின் ஆயில் போதும். தையல் மிஷின் எண்ணெய் பிரீவீலுக்கும் பிரேக் மூட்டுகளுக்கும் அருமையாக ஓடும். செயினில் சீக்கிரம் வறண்டுவிடும்.

எண்ணெயைவிடத் துடைப்பது முக்கியம். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு அழுக்கை எடுங்கள், பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள், காயவிடுங்கள். ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே வழிந்ததை மறுபடி துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்கவேண்டும், மேலே அல்ல. வண்டியில் டிஸ்க் பிரேக் இருந்தால் அந்தத் தட்டில் ஒரு சொட்டும் படக்கூடாது, பிரேக் பிடிக்காமல் போகும்.

எனக்கு ஐம்பது வயது. பெடல் மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று கேட்கிறது. ‘காட்டர் பின் போயிருக்கும், உங்களால் முடியாது’ என்கிறார் வீட்டுக்காரர். முடியுமா அக்கா?
— சுய உதவிக் குழு உறுப்பினர், திருமயம்

நீங்கள் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண், இதைக் கேட்கவே வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், இங்கே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் வண்டி கிடைக்காதபோது பார் வைத்த வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். அப்பாவின் கடையில் நான் ஸ்பேனர் பிடித்து நின்ற காலமும் அதுதான். வண்டியை நிறுத்திவிட்டு, ‘இதை நானே எப்படி இறுக்குவது?’ என்று என்னிடம் கேட்ட பெண்களை மறக்க முடியாது. ஓட்டத் தெரிந்தவருக்குச் சரிபார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அவர்களிடமிருந்து வந்தது.

பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க், அதை அச்சோடு பூட்டும் ஆப்புதான் காட்டர் பின். கோளாறு அதில்தானா என்று முதலில் பாருங்கள். கிராங்க் இரண்டும் தரைக்குச் சமமாக இருக்கும்படி வைத்து, ஒரு பக்கக் கிராங்க்கை மேலும் கீழும் ஆட்டுங்கள். அது மட்டும் அசைந்து எதிர்ப்பக்கம் அசையாவிட்டால் பின் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் உள்ளே கப், குண்டு வேலை.

பழையதைக் கழற்ற, நட்டை முழுக்க எடுக்காமல் பின்னின் முனைக்குச் சமமாக நிறுத்துங்கள். அப்போதுதான் சுத்தியடி மரையை நசுக்காது. கிராங்க்குக்கு அடியில், பின்னின் தலைக்கு வழிவிட்டு, தரையில் ஊன்றிய இரும்புக் குழாயோ கனமான கட்டையோ முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க அச்சின் குண்டுகளுக்குப் போய், கப்பில் குழி விழும். பயந்து பயந்து பத்து அடி வேண்டாம், நன்றாக ஒரே அடி.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள், பின்னில் தடிமன் வித்தியாசம் உண்டு. பின்னின் சரிவான பக்கம் அச்சில் வெட்டியிருக்கும் தட்டையோடு ஒட்டி உட்கார வேண்டும். கொஞ்சம் தடித்திருந்தால் அரத்தால் சமமாக அராவுங்கள். இரண்டு பக்கமும் மாற்றுகிறீர்கள் என்றால், நட்டுகள் எதிர் எதிர் திசை பார்க்க வேண்டும். ஒரே திசையில் போட்டால் கிராங்க் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. சுத்தியால் அடித்து இறக்கிய பிறகுதான் நட்டு. நட்டால் இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் மரை போய்விடும். சந்தை வரை போய் வந்து, மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள்.

வீட்டுக்காரரை முட்டுக் கட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கியர் சைக்கிளில் ஏற்றம் மிதிக்கும்போது செயின் நழுவிக் குதிக்கிறது. செயின் மட்டும் மாற்றினால் போதுமா?
— தனியார் நிறுவன ஊழியர், கோவை

இஞ்ச் கோடு போட்ட ஸ்கேல் ஒன்று எடுங்கள். செயினை இழுவையாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 இஞ்ச் கோட்டுக்கு நேராக இன்னொரு பின்னின் நடு வரும். அது கோட்டைத் தாண்டி 1/16 இஞ்ச் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 இஞ்ச் போயிருந்தால் பின் பற்சக்கரமும் அந்தத் தேய்ந்த செயினுக்கேற்பத் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதில் இன்னும் மோசமாகக் குதிக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதனால்தான் அடிக்கடி அளந்து பார்த்துச் செயினை நேரத்தில் மாற்றச் சொல்கிறேன், பற்சக்கரச் செலவு மிச்சம்.

வாங்கும்போது பின்னால் எத்தனை பல்வட்டு என்று எண்ணுங்கள். 6, 7, 8 உள்ள வண்டிகளுக்கு ஒரே செயின் பொருந்தும். 9, 10, 11 என்று போகப்போகச் செயின் ஒடுங்கும். கியர் இல்லாத வண்டியின் செயின் இவற்றைவிட அகலம், மாற்றிப் போட முடியாது. அதில் செயின் லாக் ஒன்று இருக்கும். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால்.

பிரேக் கட்டை எல்லாம் ஒன்றுதானே? கடையில் கொடுத்தது என் வண்டியில் பொருந்தவில்லை.
— விவசாயி, திருவையாறு

ஒன்றல்ல ஐயா. உங்களுடையது கம்பி பிரேக் என்றால், கட்டை ரிம்மின் உள்வட்டத்தில், ஸ்போக் பக்கமிருந்து மேலே தூக்கிப் பிடிக்கிறது. கேபிள் பிரேக் வண்டியில் ரிம்மின் இரண்டு பக்கவாட்டையும் கவ்வுகிறது. கட்டையின் வடிவமும் வேறு, ரிம்மின் வடிவமும் வேறு. கம்பி பிரேக்குக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு முனை திறந்திருக்கும் கூட்டில் கட்டை நுழைந்திருந்தால், மூடிய முனை சக்கரம் சுழலும் திசையில் முன்னால் இருக்கட்டும். மாறிப் போனால் பிரேக் பிடிக்கும்போது கட்டை கழன்று விழும்.

இடது பெடல் எவ்வளவு திருகியும் கழலவில்லை. மேலும் இறுகுகிறது.
— மாணவி, காரைக்குடி

இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்த்திசை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாதிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். 15 எம்.எம். ஸ்பேனர், முடிந்தால் கைப்பிடி நீண்டது, எடுங்கள். மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். புதுப் பெடல் போடும்போது அச்சில் எல், ஆர் என்ற எழுத்தைப் பார்த்து, மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள்.